கூடம் கோணலாகவும் இருக்கலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

நேற்று நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு செய்தி போட்டிருந்தான். அவன் மகள் முகாமில் முதன்முதலாகத் துப்பாக்கி சுட்டிருக்கிறாள். ஐந்து ரவுண்டில் ஒன்றுகூட நடுவட்டத்தில் படவில்லை. "துப்பாக்கி ஒரு பக்கமா போகுதுப்பா" என்றாளாம். அதற்குக் கீழே எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! ஒருவர் "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று எழுதினார். இன்னொருவர் "வத்தல்மலைக்காரன் பொண்ணு, குறி ரத்தத்திலேயே இருக்கணுமே!" என்றார். இரண்டு பேருமே என்னிடம் படித்தவர்கள். எனவே பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அந்தக் குழந்தையிடம் யாராவது "சுட்ட தாளைக் காட்டு கண்ணு" என்று கேட்டீர்களா? ஐந்து ஓட்டைகளும் எங்கே இருந்தன என்று பார்த்தீர்களா?

துப்பாக்கிப் பயிற்சியில் முதல் பாடமே அதுதான். குண்டுகள் தாள் முழுக்கச் சிதறியிருந்தால் சுடுபவரின் பிடி, மூச்சு, விரல் இவற்றில் பழக்கம் போதவில்லை. ஐந்தும் ஓரிடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் நடுவை விட்டு விலகியிருந்தால், சுடுபவர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார். சரிசெய்ய வேண்டியது துப்பாக்கியின் பார்வைக் குறியை. இதைத்தான் ஜீரோயிங் என்பார்கள். குண்டுகள் இடப்பக்கம் விழுந்தால் பின்குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். தாழ விழுந்தால் பின்குறியை உயர்த்த வேண்டும். பிறகு மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் கண்ணுக்குச் சரியாக இருக்கும் துப்பாக்கி இன்னொருவர் கண்ணுக்கு விலகலாம். 25 மீட்டருக்குச் சரிசெய்தது 100 மீட்டருக்குப் பொருந்தாது, குண்டு போகப் போகத் தாழும். ஆளும் தூரமும் மாறினால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரிய வேண்டிய நேரத்தில் தெரியாமல் இருந்து, பிறகு கற்றுக்கொண்டேன்.

இருபது வருடங்களுக்கு முன், மலைக்குப் பேருந்து இல்லாத காலம். வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி. அவளை ஒரு முகாமுக்கு அழைத்துப் போனேன். எந்த முகாம், யார் பயிற்சியாளர் என்று எழுத மாட்டேன். 25 மீட்டரில் ஐந்து ரவுண்டு சுட்டாள். நடுவில் ஒன்றும் இல்லை. "சார், இது இடது பக்கம் இழுக்குது சார்" என்றாள். பயிற்சியாளர் இதே பழமொழியைச் சொல்லிச் சிரித்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சரி விடும்மா" என்றேன். அடுத்த வாரம் சீருடையைத் துவைத்து, மடித்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சில வருடங்கள் கழித்து, விவரம் தெரிந்த பின், பழைய பதிவேட்டுக்குள் இருந்த அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். அவ்வளவு நெருக்கம்! நடுவிலிருந்து 6 செ.மீ. இடப்பக்கம். அவ்வளவுதான்.

ஒத்த முக்கோணம் நினைவிருக்கிறதா? கரும்பலகையில் போட்டுத் தேய்த்தேனே! முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மீட்டரில் 6 செ.மீ. விலக, பின்குறி ஒன்றரை மில்லிமீட்டர்கூட நகர வேண்டியதில்லை. அதே விலகல் 100 மீட்டரில் 24 செ.மீ., 300 மீட்டரில் 72 செ.மீ. உலகப் போட்டிகளில் 300 மீட்டர் இலக்கின் வெளிவட்டமே 1 மீட்டர் அகலம்தான், நடுவிலிருந்து 50 செ.மீ. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் அந்தத் துப்பாக்கியை அப்படியே கொடுத்தால் பூஜ்ஜியம்தான் வாங்குவார்.

அதனால்தான் உலகப் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுபவர்களுக்கு, மதிப்பெண் எண்ணும் முன், தயாராகிச் சரிபார்த்துக்கொள்ள 15 நிமிடம் தருகிறார்கள். அதற்குள் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ரா சரிபார்க்கச் சுட்ட குண்டு எங்கோ போய் விழுந்தது. பார்வைக் குறி மாறியிருந்தது. அவரிடம் யாரும் பழமொழி சொல்லவில்லை. குறியைத் திருத்திக்கொண்டு சுட்டார். கடைசிக் குண்டு 10.8. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். வீட்டில் சொந்த ரேஞ்சு வைத்திருந்த பிந்த்ராவுக்கே சரிபார்க்க நேரம் வேண்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து முதல்முறை துப்பாக்கியைத் தொட்ட பிள்ளைக்கு ஒரு ரவுண்டுகூடத் தர மாட்டோமா?

"நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ரவுண்டு கணக்கு, நேரம் இல்லை" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகாம் தொடங்கும் முன் பயிற்சியாளரே ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுச் சரிசெய்து வைக்கலாமே? அதுவும் முடியாதென்றால், குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று ஸ்கேல் வைத்து அளந்து மதிப்பெண் போடலாமே? அதற்குச் செலவு என்ன?

அடுத்து அந்த 'ரத்தம்'. பாராட்டு மாதிரி இருக்கிறது, ஆனால் அது பாராட்டு இல்லை. மலைப் பிள்ளை சுட்டுவிட்டால் "ரத்தம்", அவள் உழைப்பு இல்லை. தவறினால் "மலைக்காரிக்கே வரலையா" என்ற கேலி. எப்படியும் அவளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய பொறுப்பிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். அவர் பயிற்சி பெற்று வளர்ந்தது குஜராத்தில். ரத்தம் இங்கே, ரேஞ்சு அங்கே. யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு வருடம் பரீட்சையில் என் வகுப்பே ஒரே கணக்கை ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருந்தது. எல்லோரையும் முட்டி போட வைத்தேன். இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆளுக்கொரு தப்பு என்றால் பிள்ளைகளுக்குப் பழக்கம் போதாது. அத்தனை பேரும் ஒரே தப்பு என்றால் நான் நடத்திய விதம் தப்பு. திருத்த வேண்டிய குறி என்னுடையது. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் அதிகாரிகள். பிள்ளை "கூடம் கோணல்" என்றால் சிரிக்கும் முன் ஒரு தடவை நூல் பிடித்துப் பாருங்கள்.

அம்மா, அன்று சீருடையை மடித்து வைத்துவிட்டுப் போனவளே, யாராவது இதை உன்னிடம் காட்டினால் படி. நீ சரியாகத்தான் சுட்டாய். சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. சிரித்தேன். மன்னித்துவிடு. உன் தாள் பத்திரமாக இருக்கிறது, எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்.

நேற்றுச் சிரித்த இருவரும் அந்தக் குழந்தைக்கு இன்று போன் செய்யுங்கள். இது வாத்தியார் கட்டளை.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்