யாருக்காக இந்த விமான நிலையம்?

"தாராபுரத்திலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போகவே காசை எண்ணிப் பார்க்கிற நமக்கு விமான நிலையத்தைப் பற்றி என்ன கவலை?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள்.

கவலைப்படத்தான் வேண்டும். விமானம் பறப்பது ஆகாயத்தில், இறங்குவது நிலத்தில். அந்த நிலம் யாருடையது, அதில் கொட்டிய பணம் யாருடையது என்பதே கேள்வி.

ஐதராபாத்தைப் பாருங்கள். நகருக்குள் இருக்கும் பேகம்பேட்டை விமான நிலையம் நிஜாம் காலத்தில் தோன்றி, பிறகு பொதுமக்கள் பணத்தில் வளர்ந்தது. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு ஒரு தனியார் கம்பெனிக்கு. உடனே பேகம்பேட்டையில் பிரயாணிகள் விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கம்பெனியோடு செய்த ஒப்பந்தம் அப்படி! அதே ஆண்டு மே மாதம் பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையத்துக்கும் இதே கதி. இந்த அநியாயத்தை எதிர்த்து விமான நிலைய ஊழியர்கள் 2008 மார்ச்சில் நாடெங்கும் போராடினார்கள். மத்திய சர்க்கார் செவிசாய்க்கவில்லை.

சரி, பேகம்பேட்டையை இழுத்து மூடிவிட்டார்களா? இல்லை. மந்திரிகளின் விமானமும் முதலாளிகளின் சொந்த விமானமும் இன்றும் அங்கே இறங்குகின்றன. டிக்கெட் வாங்கி வரும் ஜனங்களுக்கு மட்டுமே கதவு சாத்தப்பட்டது.

சிறு விமானங்களே கூடாது என்பதல்ல நம் வாதம். விமானம் ஓட்டப் பழக இடம் வேண்டும். பம்பாயில் ஜுஹு நிலையத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் தொழிலாளிகளைக் கொண்டுசெல்கின்றன. இதெல்லாம் தேவையே. ஊரார் பணத்தில் கட்டியது சீமான்களுக்கு மட்டும் திறந்திருப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இனி நம் கோவைக்கு வருவோம். 1940-ல் தொடங்கிய பீளமேடு நிலையத்தை விரிவாக்க 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது. தூக்கிலேறிய நான்கு மில் தொழிலாளித் தியாகிகளை ஈன்ற சின்னியம்பாளையம் பக்கத்துக் காடு தோட்டங்களும் அதில் அடக்கம். நஷ்டஈட்டுக்கு மாநில சர்க்கார் ஒதுக்கியது ரூ.1,000 கோடிக்கும் மேல். தீப்பெட்டிக்கு நீங்கள் கொடுத்த காசும் அதில் உண்டு. ஆனால் 2021-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட, தனியாருக்குக் குத்தகை விடும் நிலையங்களின் பட்டியலில் கோவையும் இருந்தது. 2019-ல் ஏலம் விட்ட ஆறு நிலையங்களும், 50 ஆண்டுக் குத்தகைக்கு, ஒரே அதானி கம்பெனிக்குப் போனதை மறக்க வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. பொதுப் பணத்தில் வாங்கிய நிலம் கம்பெனி கைக்குப் போகக் கூடாது. நாளை புதிய நிலையம் வந்தாலும் பழையதன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். நிலத்துக்காரருக்குப் பணம் கொடுப்பதோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது. அந்தக் காட்டில் களை எடுத்துப் பிழைத்த கூலிக்காரருக்கும் வழி செய்ய வேண்டும். 2013 நிலச் சட்டமே அவரையும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்கிறது.

மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள், தோழர்களே! ஓடுபாதை போட்ட பிறகு பேசிப் பயனில்லை.