புள்ளிகள் சொல்லாதவை

சென்ற மாதம் வலிகாமத்துக் கிராமமொன்றிலிருந்து ஓர் இளம்பெண் தம் தந்தையாருடன் எம்மிடம் வந்திருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் பயின்று பட்டம் பெற்றவர். கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகளாகக் கடமையாற்றுபவர். வெளிநாட்டு முகாமைத்துவக் கல்லூரியொன்றில் வியாபார நிருவாக முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க அவர் எண்ணியிருந்தார். பரீட்சைப் புள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆங்கிலச் சோதனையிலும் சித்தியடைந்துவிட்டார். விண்ணப்பப் பத்திரத்திலிருந்த கட்டுரை வினாவே அவரை இரண்டு மாதங்களாக உறங்கவிடவில்லை.

"வேண்டிய புள்ளி எல்லாம் இருக்கிறதே, பிறகு எதற்கு ஐயா இந்தக் கட்டுரை?" என்று கேட்டார் தந்தையார்.

அவர் கேட்டதில் தவறில்லை. எமது நாட்டில் பல்கலைக்கழக வாயிலைத் திறப்பது புள்ளி ஒன்றே. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, சில புள்ளிகளின் ஏற்றத்தாழ்வினால் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு திசைமாறியதைக் குடாநாடு கண்டது. 2001 முதல் இசட் புள்ளி அந்தத் தீர்ப்பை வழங்கி வருகின்றது. இவ்வழியே வந்த பிள்ளையிடம் "நீர் யார்? இதுவரை என்ன செய்தீர்?" என்று எவரும் கேட்டதில்லை. கேளாத வினாவுக்கு விடை பழகாதிருப்பது அப்பிள்ளையின் குற்றமன்று.

ஆனால் உலகின் பெயர்பெற்ற வணிகக் கல்லூரிகள் பல அந்த வினாவைத்தான் கேட்கின்றன. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் கல்லூரி, "உமக்கு மிக முக்கியமானது எது? ஏன்?" என்று பல்லாண்டுகளாக வினவி வருகின்றது. 1908இல் தொடங்கப்பெற்ற ஹாவார்ட் வணிகக் கல்லூரி, 2024இல் தன் பழைய கட்டுரை வினாவை மாற்றி, மூன்று சிறு வினாக்களை முன்வைத்தது. தொழிலில் நீர் எடுத்த முடிவுகள், பிறரை வழிநடத்திய அனுபவம், உம்மிடம் ஏற்பட்ட வளர்ச்சி என்பவையே அவற்றின் பொருள். அவற்றுக்கு 250 முதல் 300 சொற்களுக்கு மேற்படாத விடைகளே போதுமென்றது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்போரும் தலைமைத்துவம், எதிர்காலத் தொழில் முதலியன குறித்து எழுதியாக வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. அக்கல்லூரிகளிற் பலவற்றில், உண்மையாக நிகழ்ந்த ஒரு வியாபாரச் சிக்கலை நடுவில் வைத்து மாணவர் யாவரும் விவாதித்தே பாடம் கற்கின்றனர். ஆசிரியரிடமிருந்து கற்பதைப்போலவே ஒருவரிடமிருந்து ஒருவரும் கற்கின்றனர். விண்ணப்பிப்போரில் பெரும்பாலோரிடம் நல்ல புள்ளி இருக்கும். ஆகவே, இவர் அந்த வகுப்புக்கு எதைக் கொண்டுவருவார் என்பதையே தேர்வாளர் அறிய விரும்புகின்றார்.

இனி, அப்பெண் எழுதியிருந்த கட்டுரைக்கு வருவோம். "சிறுவயது முதலே எனக்குத் தலைமைப் பண்பு உண்டு, கடின உழைப்பும் நேர்மையும் என் இரு கண்கள், உலகப் புகழ்பெற்ற உங்கள் கல்லூரியிற் கற்பது என் கனவு" என்ற போக்கில் இரண்டு பக்கங்கள். பிழையற்ற ஆங்கிலம். ஆனால் அவருடைய பெயரை அழித்துவிட்டு வேறெவருடைய பெயரை எழுதினாலும் அக்கட்டுரை பொருந்தும்! எம் பாட்டன்மார் இலிகிதர் உத்தியோகத்துக்கு எழுதிய மனுக்களின் வாசனை அதில் வீசிற்று. குணங்களை அடுக்கி, அதிகாரியைப் போற்றி, "தங்கள் கீழ்ப்படிவான ஊழியன்" என்று முடிப்பது மனு. கல்லூரி கேட்பதோ சாட்சியம்.

நாம் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, "சங்கத்தில் உமக்கு மிகவும் கடினமாயிருந்த நாள் எது?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கிய பின் அவர் கூறினார்.

2022ஆம் ஆண்டு. மண்ணெண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிய காலம். ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததும் அவ்வாண்டிலேதான். இறைப்பு இயந்திரங்கள் ஓய்ந்தன. வெங்காயத் தோட்டங்கள் வாடின. சங்கத்தின் முன் விடியுமுன்னரே வரிசை நின்றது. தோட்டக்காரர் நாள்முழுதும் காத்து நிற்பதைத் தவிர்க்க, காணிப் பதிவுகளைக் கொண்டு பட்டியல் தயாரித்து, நாள் குறித்த இலக்கத் துண்டுகளை வழங்கலாமென இவர் யோசனை கூறினார். அது ஏற்கப்பட்டது, வரிசையும் குறைந்தது. மூன்றாம் நாள் ஒரு முதியவர் வந்து, "காணி என்ரை பேரிலை இல்லைப் பிள்ளை, குத்தகைக்குத்தான் செய்யிறன். வெங்காயம் மட்டுந்தான் என்ரை" என்றார். குத்தகைக்காரரைத் தமது பட்டியல் முற்றாக விட்டுவிட்டதை அப்போதுதான் இவர் உணர்ந்தார். இரண்டு மாலை தோட்டந் தோட்டமாக நடந்து, விடுபட்டவர்களைத் தேடிச் சேர்த்தார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றோம். "அது என்னுடைய பிழையல்லவா?" என்றார்.

அன்பார்ந்த மாணவர்களே, நும்மிற் பலருடைய இடர்ப்பாடும் இதுவே. பிழையை மறைப்பது மானம் என்றும், செய்ததைச் சொல்வது தற்புகழ்ச்சி என்றும் எண்ணி வளர்ந்திருக்கின்றோம். "நான் சிறந்த தலைவி" என்பது தற்புகழ்ச்சிதான். "பட்டியலிட்டேன், தவறினேன், திருத்தினேன்" என்பது நடந்ததைக் கூறுதல். முன்னதை எவரும் எழுதலாம். பின்னதை அவர் ஒருவரே எழுத முடியும்.

எழுதும் முறையையும் சுருங்கக் கூறுவோம். வாழ்விலிருந்து ஒரே நிகழ்ச்சியைத் தெரிந்தெடுங்கள். நிலைமை என்ன, நீங்கள் எடுத்த முடிவு என்ன, அதனால் விளைந்தது என்ன, கற்றது என்ன என்ற ஒழுங்கில் எழுதுங்கள். "நாங்கள் செய்தோம்" என்பதில் உங்கள் பங்கு எது என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். இனிச் செய்ய விரும்பும் தொழில் எது, அதற்கு உங்களிடம் இல்லாத அறிவு எது, அக்கல்லூரியின் எந்தப் பாடம் அக்குறையைத் தீர்க்கும் என்பதைப் பெயர் சுட்டி எழுதுங்கள். கேட்ட சொல்லளவை மீறாதீர்கள். பிறர் கையாலோ, இந்நாளில் கணினியின் செயற்கை நுண்ணறிவாலோ எழுதுவித்த கட்டுரை நேர்முகப் பரீட்சையின் இரண்டாம் வினாவிலேயே உங்களைக் கைவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் முன்னர், வீட்டாருக்குச் சொல்வதுபோல் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழிற் சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் ஆங்கில அலங்காரம் எதையும் நிரப்பாது.

அப்பெண்ணும் அவ்வாறே தமிழில் எழுதி இரு கிழமை கழித்துக் கொணர்ந்தார். முதலில் வாசித்தவர் தந்தையார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறு, "இவ்வளவும் நடந்தது எனக்குத் தெரியாதே, பிள்ளை" என்றார்.

விண்ணப்பம் இப்போது ஆங்கில வடிவில் அனுப்பப்பட்டுவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை. இடம் கிடைப்பினும் கிடையாவிடினும், அத்தமிழ்ப் பிரதியைத் தந்தையார் தமது பெட்டியில் வைத்திருக்கின்றார்.