நாசிக்கில் ஒரு டஸ்கனி

போன சனிக்கிழமை ஆபீஸ் மக்களோட புனேயில இருந்து கிளம்பி நாசிக் பக்கம் ஒரு ஒயின் ஆலைக்குப் போனேன். (குடிச்சியான்னு கேட்காதீங்க, வண்டி ஓட்டினது நான்தான் :-)) வாசல்ல இத்தாலிக் கணக்கா வளைவு, மஞ்சள் பூச்சு, சிவப்பு ஓடு. 'டஸ்கனி ஸ்டைல் சார்'னு சுத்திக் காட்டின பையன் பெருமையாச் சொன்னான். உள்ளே பீப்பாய் அறையில ஏசி விடாம ஓடுது. வெளியே தோட்டத்து ஓரத்துல, நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிப் போட்ட கருங்கல் குவியல் குவியலா வெயில்ல கிடக்கு.

எனக்கு வயிறு எரிஞ்சுது.

கலிஃபோர்னியாவுல நாபா பள்ளத்தாக்குல டாமினஸ்னு ஒரு ஒயின் ஆலை. ஹெர்சாக், டி மியூரான்னு ரெண்டு சுவிஸ் ஆர்க்கிடெக்டுங்க 1998ல கட்டி முடிச்சாங்க. சுமார் 100 மீட்டர் நீளம். வெளிச்சுவர் முழுக்க கேபியன். அதாங்க, மலைப்பாதையில மண் சரியாம இருக்க, கம்பி வலைப் பெட்டியில கல்லை அடைச்சு அடுக்குவோமே, அதேதான். ரோடு வேலை பார்க்கிற எனக்குச் சோறு போடுற சமாச்சாரம்! உள்ளே அடைச்சது அந்தப் பக்கத்துலயே கிடைக்கிற பசால்ட். நம்ம தக்காணம் பூரா கிடக்கிற அதே எரிமலைக் கல்.

சில இடத்துல கல்லை நெருக்கமா அடைச்சிருக்காங்க, சில இடத்துல தளர்வா விட்டு வெளிச்சம் கசிய வச்சிருக்காங்க. பகல் சூட்டைக் கல்லு வாங்கிக்கும், ராத்திரி விட்டுடும். பாம்பு குடியேறாதான்னு கேட்பீங்க. அங்கேயும் அந்தப் பயம் உண்டு, அதனால கீழ் வரிசையில சின்னக் கல். தூரத்துல இருந்து பார்த்தா கொடிகளுக்கு நடுவுல கட்டடம் இருக்கிறதே சட்டுனு தெரியாது.

ஸ்பெயின்ல மார்கெஸ் தே ரிஸ்கால் ஆலையில ஃபிராங்க் கேரி கட்டி 2006ல திறந்த ஹோட்டல் நேர் எதிர். ரோஸ், தங்கம், வெள்ளின்னு உலோக நாடா பறக்கும். ஒயின், பாட்டில் மேல சுத்துற வலை, மூடி, இதுங்களோட நிறமாம். படத்துல பார்க்க அழகுதான், ஆனா எனக்கு ஒட்டலை. அதுலயாவது அந்த ஆலையோட பாட்டில் இருக்கு. நாசிக் பூச்சுல என்ன இருக்கு?

இத்தனைக்கும் நாசிக்லேயே பாண்டவ்லேணி குகைகள் இருக்கு. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி பௌத்த பிக்குகளுக்காக இதே கல்லைக் குடைஞ்சது. ஏப்ரல் வெயில்ல படியேறிப் போய் உள்ளே ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ஏசியே வேணாம்னு சொல்ல வரலை, 40 டிகிரி கோடைக்கு வெறும் கல்லு பத்தாது. கரண்டு பில்லாவது குறையும்ல?

கிளம்பும்போது அந்தக் கல் குவியலைப் பத்திப் பையன்கிட்ட கேட்டேன். 'வேஸ்ட் சார், லாரி வச்சு அள்ளணும், அது வேற செலவு'ன்னான்.