மத்தியான ரோடும் எங்க மணியும்

போன வாரம் என் தங்கச்சி மகன் சென்னையில இருந்து போன் பண்ணினான். "மாமா, நாய்க்கு ஷூ வாங்கலாமா?" என்று கேட்டான். முதல்ல எனக்குச் சரியா காதுல விழலையோ என்று நினைச்சேன். நாலு காலுக்கும் நாலு ஷூ, அடியில ரப்பர், மேல ஒட்டுற பட்டை, ஆன்லைன்ல கிடைக்குதாம். அவன் வளர்க்கறது லாப்ரடார். வெயில்ல வெளிய கூட்டிட்டுப் போனா காலைத் தூக்கித் தூக்கி வைக்குது, வீட்டுக்கு வந்ததும் பாதத்தையே நக்கிட்டுக் கிடக்குது என்றான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன். ஊர்ல நாய்க்கு யாருடா செருப்பு தைக்கிறது என்று நக்கலும் அடிச்சிருப்பேன். இப்போ சிரிப்பு வரலை. காரணம் எங்க மணி. (எங்க ஊர்ல பத்து வீட்டு நாய்க்கு மணி என்றுதான் பேரு. தெருவுல நின்னு கூப்பிட்டா நாலு திசையில இருந்தும் ஓடி வரும். இது எங்க வீட்டு மணி.)

எங்க பக்கம் கரூர் பரமத்தி. கோடையில டிவி செய்தியில அதிக வெயில் அடிச்ச ஊர் என்று பட்டியல் வாசிக்கும்போது எங்க பேர் அடிக்கடி முதல் வரிசையில வரும். மார்ச் கடைசியிலேயே 38, 39 டிகிரி வந்துரும். மே 4 வாக்குல அக்னி நட்சத்திரம் பொறந்துட்டா அப்புறம் கேட்கவே வேண்டாம், 40-ஐத் தாண்டற நாளும் வரும். வானம் பார்த்த பூமி. கிளுவை வேலி போட்ட கொறங்காடு, உள்ளே நாலஞ்சு வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு, அதுல மேயற செம்மறி. மணிக்கு வேலை அந்தச் செம்மறிகளைப் பார்த்துக்கறதுதான்.

போன வருஷம் அக்னி நட்சத்திரத்துல நான் நாலு நாள் மக வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். வந்த மறுநாள் மாட்டுக்குத் தவிடு தீர்ந்துபோச்சு. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மொபெட்டை எடுத்துட்டுக் கடைக்குக் கிளம்பினேன். கடை மூணு கிலோமீட்டர். வழக்கமா மணி எங்க காட்டு எல்லை வரைக்கும் பின்னாடியே வந்துட்டுத் திரும்பிப் போயிரும். அன்னிக்குத் திரும்பலை. நாலு நாள் ஆளைக் காணாம இருந்ததுல விட மாட்டேன் என்கிற மாதிரி பின்னாடியே வந்துச்சு. "போடா" என்று அதட்டினேன். கேட்கலை. வேகமாப் போனா நின்னுடும் என்று நினைச்சு வண்டியை முறுக்கினேன். அது இன்னும் வேகமா ஓடி வந்துச்சு. கண்ணாடியில பார்த்துட்டு நான் சிரிச்சேன். இதை எழுதறதுக்கு வெட்கமா இருக்கு, ஆனா நடந்தது அதுதான்.

அந்த ரோடு முன்னாடி மண் தடம். ரெண்டு பக்கமும் புளிய மரம். அப்புறம் தார் போட்டாங்க, அதுக்கும் அப்புறம் அகலப்படுத்தறோம் என்று மரத்தையெல்லாம் எடுத்துட்டாங்க. மண் ஓரமாவது இருந்துச்சு, அங்கேயும் ஜல்லியைக் கொட்டிட்டாங்க. மூணு கிலோமீட்டருக்கு ஒரு பொட்டு நிழல் கிடையாது.

கடையில மணி திண்ணைக்குக் கீழ படுத்து காலை நக்கிட்டு இருந்துச்சு. தண்ணி கேட்குது போல என்று நினைச்சேன், கொடுத்தேன். திரும்பி வரும்போது கால் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, நடு ரோட்டுல உட்கார்ந்துருச்சு. முன்னங்கால் ஒண்ணைத் தூக்கும், வைக்கும், அடுத்ததைத் தூக்கும். நெருஞ்சி முள்ளு ஏறியிருக்கும் என்று வண்டியை நிறுத்திட்டு காலைப் புரட்டிப் பார்த்தேன். பாதத்துல இருக்கற கருப்புத் தோல் வழண்டு தொங்குது. அடியில செக்கச் செவேல் என்று சதை.

தவிட்டு மூட்டையை அங்கேயே ஒரு வேலியோரம் இறக்கிப் போட்டுட்டு, முன்னாடி கால் வைக்கற இடத்துல மணியைத் தூக்கி வெச்சேன். பாட்டில் தண்ணி வெயில்ல இருந்து அதுவே சுடுது. பக்கத்துக் காட்டுல ஆட்டுக்குத் தண்ணி வைக்கற சிமெண்டுத் தொட்டி நிழல்ல இருந்துச்சு, அதுல நாலு காலும் நனையற மாதிரி கொஞ்ச நேரம் நிக்க வெச்சேன். எனக்குத் தெரிஞ்சு செய்யலை, பதட்டத்துல செஞ்சேன். அது ஒண்ணுதான் அன்னிக்கு நான் சரியாச் செஞ்சது என்று அப்புறம் டாக்டர் சொன்னாங்க.

வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டம்மா விளக்கெண்ணெயில மஞ்சளைக் குழைச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க. நல்லவேளை, அண்டை வீட்டுப் பையன் தடுத்தான். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். அங்க இருந்தது சின்ன வயசுப் பொண்ணு. காலைப் பார்த்தாங்க, அப்புறம் என் காலைப் பார்த்தாங்க. "அண்ணா, நீங்க செருப்பு போட்டுட்டுத்தானே வந்தீங்க?" என்றாங்க. வேற ஒண்ணும் திட்டலை.

அவங்க சொன்னதை எழுதிடறேன், யாருக்காவது உதவும். சூடு பட்ட காலைச் சாதாரணக் குளிர்ந்த தண்ணியில பத்து நிமிஷமாவது காட்டணும். ஐஸ் வைக்கக் கூடாது. எண்ணெய், மஞ்சள், பேஸ்ட் எதுவும் பூசக் கூடாது, சூட்டை உள்ளேயே அடைச்சு வெச்சிரும், அழுக்கும் சேரும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முக்கியமா, நமக்கு வலிக்குப் போட்டுக்கற மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமால் மாதிரி நாம சாதாரணமா விழுங்கறதே நாய்க்கு விஷமாகலாம். கட்டுப் போட்டு, களிம்பு கொடுத்து அனுப்பினாங்க. மணி பல்லால கட்டைப் பிரிச்சுரும், நக்கும், நான் மறுபடியும் கட்டுவேன். மூணு வாரம் ஆச்சு தோல் வர.

அந்த மூணு வாரமும் ஒரு கேள்விதான் என்னைக் குடைஞ்சுது. இதே மணி வருஷம் முழுக்க கல்லாங்காட்டுல திரியுது. காடும் கொதிக்கத்தான் செய்யுது. அங்கே ஏன் கால் வேகலை?

யோசிச்சுப் பார்த்தா பதில் சுலபம். காட்டுல அது மத்தியானம் நடக்கறதே இல்லை. பதினோரு மணி வாக்குல செம்மறி தானா வெள்வேல மரத்தடிக்கு வந்து தலையைக் கவுத்துக்கிட்டு நின்னுரும். மணி அந்த மரத்தடியில மண்ணை ஒரு முழம் பறிச்சு, அடி மண்ணு குளுமையில வயித்தை வெச்சுப் படுத்துரும். மூணு, மூணரை வரைக்கும் ஒரு உசுரும் அசையாது. காலுக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காது என்று அதுக்குத் தெரியும். அன்னிக்கு என் பின்னாடி வந்ததுனாலதான் அது தெரிஞ்சதை விட்டுட்டு வந்துச்சு.

உங்க நாய் கழுத்துல கயிறு இருக்கு. என் நாய் கழுத்துல கயிறு இல்லை. ரெண்டும் ஒண்ணுதான் போல. நாம போனா அது வரும். வலிச்சாலும் வரும். கத்தாது. "சுட்டா அதுவே நின்னுடுமே" என்று சொல்றவங்களை நான் நம்பறதில்லை, நானும் அப்படித்தான் நினைச்சேன்.

பாதம் கெட்டித் தோல்தானே, தாங்காதா என்று கேட்பீங்க. கெட்டிதான். அடியில கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கு. கரடுமுரடான தரையில நடந்து பழகின நாய்க்கு இன்னும் கெட்டியா இருக்கும். எங்க மணி பாதம் பழைய டயர் மாதிரி இருக்கும், அதுவே வழண்டுச்சு. டைல்ஸ் தரையில வளர்ற நாய்க்கு எவ்வளவு மெல்லிசா இருக்கும் என்று பார்த்துக்கங்க. காற்று 40 டிகிரி என்று செய்தியில சொல்றது நிழல்ல அளக்கறது. அதே நேரம் வெயில் நேரா அடிக்கற தார் ரோடு 60-ஐத் தாண்டியிருக்கும். கருப்பு என்பதால வெயிலை அப்படியே குடிக்கும், குடிச்ச சூட்டை உள்ளேயே வெச்சுக்கும். அதனாலதான் பொழுது இறங்கின பிறகும் ரோடு கொதிக்குது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெயில் தாழ்ந்துருச்சு என்று நீங்க கூட்டிட்டுப் போவீங்க, ரோடு இன்னும் மத்தியானத்துலதான் இருக்கும். சிமெண்டுக் கல் பாவின நடைபாதை கொஞ்சம் பரவாயில்லை, ஆனா அதுவும் சுடும். கடற்கரை மணல் மத்தியானத்துல எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரும்பு இன்னும் மோசம். எங்க ஊர்ல டிராக்டர் டிரெய்லர்ல நாய் தாவி ஏறும், ஏறின வேகத்துல குதிக்கும்.

சந்தேகமா இருந்தா செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க. இல்லே குனிஞ்சு புறங்கையை ரோட்டுல வெச்சு ஏழு எண்ணுங்க. எண்ணி முடிக்கறதுக்குள்ள கையை எடுத்தீங்கன்னா நாயைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருங்க. அபார்ட்மெண்ட் வாசல்ல குனிஞ்சு ரோட்டைத் தொட்டா நாலு பேர் பார்ப்பாங்க, பார்க்கட்டும்.

எங்க அப்பாரு காலத்துல மாட்டுக்கு லாடம் அடிக்காம கப்பி ரோட்டுல ஏத்த மாட்டாங்க. லாடம் அடிச்ச மாட்டையும் சித்திரை வெயில்ல பாரம் இழுக்க விட மாட்டாங்க. சந்தைக்கு வண்டி ராத்திரியிலதான் கிளம்பும், அடியில லாந்தர் ஆடிட்டே போகும். பெரிய கோயில்கள்ல கோடை வந்தா கல் தரையில வெள்ளைப் பூச்சு அடிச்சு, நார் விரிப்பு போட்டுத் தண்ணி தெளிக்கறாங்க, பக்தர் காலு சுடக் கூடாது என்று. தார் போடற ஆளுங்களைப் பார்த்திருக்கீங்களா? சாக்கைக் காலுல சுத்திக்கட்டிட்டு நிப்பாங்க. (அவங்களுக்கு நல்ல பூட்ஸு கொடுக்கறதைப் பத்தி யாரும் பேசறதில்லை. அது தனியா எழுத வேண்டிய விஷயம்.) சூடு யாருக்கும் புதுசு இல்லை. நாய் விஷயத்துல மட்டும் நமக்கு அது தோணவே இல்லை.

சரி, ஷூ வாங்கலாமா? மருமகன்கிட்ட நான் சொன்னது இதுதான். அளவு சரியா இருந்து, இறுக்காம, கொஞ்ச நேரத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி தவிர்க்க முடியாத வேலைக்கு என்றா வாங்கிக்கோ. தப்பில்லை. ஆனா ஷூ இருக்கு என்று மத்தியானம் கூட்டிட்டுப் போகாதே. உனக்கு ரோடு காலுக்குக் கீழே. உன் நாய்க்கு ரோடு வயித்துக்கு ஒரு முழம் கீழே. நமக்கு உடம்பு முழுக்க வேர்க்குது, அதுக்கு வேர்க்கறது பாதத்துல மட்டும்தான், அதுவும் பேருக்கு. மீதிச் சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் வெளியேத்தணும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு அந்த மூச்சும் சரியா வராது. கால் தப்பிச்சாலும் வெப்பத்தாக்குல உசுரு போயிரும்.

அவன் பிரச்சினை வேற. நைட் ஷிப்ட் வேலை. காலையில வந்து தூங்கி, பதினொன்றரைக்கு எந்திரிச்சு, நாயைக் கீழே இறக்கறான். அவங்க கட்டடத்துல மண் தரை என்று ஒரு சாண்கூட கிடையாது, கேட்டு வரைக்கும் கல் பாவியிருக்காங்க. ஓரமா இருந்த புல்லையும் கொசு வருது என்று எடுத்துட்டாங்களாம். இதுலதான் எனக்குக் கோபம். மூணு சென்ட் வீடு கட்டினாலும் நாலு பக்கமும் சிமெண்டு பூசி மூடிடறீங்க. கேட்டா தூசி, சேறு, பாம்பு. ரெண்டு அடி அகலத்துக்கு மண்ணை விட்டு வெச்சா என்ன குடி முழுகும்? ஒரு வேப்பங்கன்னை வெச்சா மூணு நாலு வருஷத்துல நிழல் கொடுக்கும். மழைத் தண்ணியும் உள்ளே இறங்கும். எங்களை மட்டும் குறை சொல்லாம இல்லை, இப்போ எங்க ஊர்லயும் வாசல்ல சாணி தெளிக்க மண்ணு இல்லை, எல்லாம் சிமெண்டுதான். புளிய மரம் வெட்டினப்போ நானும் வேடிக்கைதான் பார்த்தேன்.

இன்னொண்ணு. நாயை மொட்டை மாடியில கட்டிப் போடற பழக்கம். காலையில கட்டும்போது நிழல் இருந்திருக்கும், பன்னெண்டு மணிக்கு இருக்காது. கயிறு எட்டற தூரம் முழுக்கக் கொதிக்கற தளம். தண்ணி வைக்கற எவர்சில்வர் கிண்ணமும் சுடும். தெருநாய் வேணுமா வேண்டாமா என்கிற சண்டைக்குள்ள நான் போகலை. ஆனா மத்தியானம் உங்க கார் நிழல்ல வந்து படுக்கற நாயைக் கல்லை விட்டு எறிஞ்சு ரோட்டுக்குத் துரத்தாதீங்க. மூணு மணி நேரம் கிடந்துட்டு அதுவே எந்திரிச்சுப் போயிரும். வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் குனிஞ்சு அடியில பார்த்துக்கங்க.

நேத்து மருமகன் மறுபடி கூப்பிட்டான். ஷூ இன்னும் வாங்கலையாம். வேலை முடிஞ்சு வந்ததும் தூங்கறதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கே நாயைக் கூட்டிட்டுப் போயிடறானாம். அவனுக்குத் தூக்கம் ஒரு மணி நேரம் போச்சு என்று புலம்பினான். புலம்பட்டும்.

மணி இப்போ நல்லா நடக்குது. கொறங்காட்டுல செம்மறி பின்னாடி ஓடுது. ஆனா தார் ரோட்டுல காலை வைக்கறதில்லை. மார்கழிப் பனியில, ரோடு ஜில்லென்று கிடக்கும்போதுகூட வண்டிச் சத்தம் கேட்டா காட்டு எல்லை வரைக்கும் வரும், மண்ணு முடியற இடத்துல நின்னுரும். நான் தவிடு வாங்கிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.