ஆறு பெட்டிகளும் கீழ்வீட்டு அம்மாவும்



சென்ற இதழில், வாடகை வீட்டுக்குக் குடிபுகும்போது நாம் கையொப்பமிடும் கடதாசிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டு அன்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, வீட்டு நிர்வாகத்திலயிருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. மகள் வாசிச்சுப் பாத்திட்டு, மேல அப்மானுங் எண்டு போட்டிருக்கு எண்டுறாள். எங்களை எழுப்பப் போறாங்களோ?"

அந்தக் குடும்பம் அகதிகள் விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அவரின் தாயார் என ஐந்து பேர். கடந்த கோடையில்தான் சொந்தக் கதவுள்ள ஒரு வீடு கிடைத்தது. "இனி ஹைமுக்குத் திரும்பிப் போகேலாது அண்ணை" என்றபோது அவருடைய குரல் தளும்பியது.

கடிதத்தில் இருந்த குற்றம் சத்தம். வேலைத்தலத்தில் ஒருவர் வீடு மாறும்போது விற்ற ஆறு பெட்டி ஒலித்தொகுதி ஒன்றை அன்பர் வாங்கியிருந்தார். வார இறுதியில் குடும்பமாகப் படம் பார்ப்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. அதில் பிழை சொல்ல நாம் யார்? ஒரு சனிக்கிழமை பின்னேரம் அளவுநாடாவோடு போனோம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தது வேண்டுமென்றேதான். ஜேர்மனியில் ஞாயிறு முழுவதும் அமைதி நாள். அன்று சத்தம் சோதிக்கப் போனால் இரண்டாவது கடிதமும் வந்திருக்கும்.

படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னோம். கதாநாயகன் வாய் திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. அன்பர் றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். பேச்சு விளங்கத் தொடங்கிய நேரம் சண்டைக் காட்சி வந்தது. தேநீர்க் கோப்பை மேசையில் ஆடியது. அவர் அவசரமாகக் குறைத்தார். மறுபடி பேச்சு, மறுபடி கூட்டல். கதை முழுவதும் இதற்குள் இருக்கிறது. அன்பர் சத்தப் பிரியர் அல்ல. பேச்சு விளங்காததால் கூட்டினார், கூட்டியதால் கடிதம் வந்தது.

ஆறு பெட்டி என்பதை 5.1 என்று எழுதுவார்கள். ஐந்து ஸ்பீக்கர், ஒன்று கனத்த சத்தத்துக்கான பெட்டி. அதை சப்வூஃபர் என்கிறோம். திரையரங்குக்கு இந்த முறை டொல்பி டிஜிட்டல் என்ற பெயரில் 1992 இல் வந்தது. தமிழில் 1995 இல் வெளிவந்த குருதிப்புனல் காலத்திலிருந்து சுற்றொலி பற்றிய பேச்சு நம்மிடையே உண்டு. ஆனால் பலர் நினைப்பதுபோல இதன் உயிர் பின்னால் பறக்கும் ஹெலிகொப்டரில் இல்லை. நடுவில் வைக்கும் ஸ்பீக்கரில் இருக்கிறது. படத்தில் வரும் பேச்சில் பெரும்பங்கு அந்த ஒன்றிலிருந்துதான் வர வேண்டும்.

அன்பர் அதை எங்கே வைத்திருந்தார்? கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள், கதவும் சாத்தியபடி. தூசி படக்கூடாது என்று மனைவி சாத்தினாராம். வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தால் யாருக்கு விளங்கும்?

வெளியே எடுத்துத் தொலைக்காட்சிக்கு நேர் கீழே, தட்டின் முன் விளிம்பில் வைத்தோம். அது தாழ்வாக இருந்ததால் முன்பக்கத்துக்குக் கீழே சிறு இறப்பர்த் துண்டு வைத்து, பார்ப்பவரின் காதை நோக்கி நிமிர்த்தினோம். முன் ஸ்பீக்கர் இரண்டும் புத்தக அலுமாரியின் உச்சியில் இருந்தன. இறக்கி, காது மட்டத்தில் திரைக்கு இருபுறமும் வைத்தோம். கணக்கு எளிது: கதிரையிலிருந்து ஒரு ஸ்பீக்கருக்கு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கட்டும். அங்கே அது இரண்டரை மீற்றர். பின் ஸ்பீக்கர்கள் பேருக்குத்தான் பின். உண்மையில் அவை பக்கத்தில், இருப்பவரின் தோளுக்குச் சற்றுப் பின்னே, காதுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். சுவரில் துளை போட வேண்டாம் என்று சொன்னோம். வாடகை வீடு, தாங்கி வைத்தால் போதும்.

வயர்களைப் பார்த்தபோது இடது முன் ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தன. இப்படி மாறினால் ஸ்பீக்கர் பழுதாகாது, ஆனால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய ஒலி எங்கோ சிதறிப் போகும். வயரின் ஒரு பக்கத்தில் கோடு இருக்கும். அந்தப் பக்கத்தை எல்லா இடத்திலும் சிவப்புக்கே கொடுத்தால் குழப்பம் வராது. வீட்டு அறைக்கு 1.5 சதுர மி.மீ. வயர் தாராளம். தடித்த விலை உயர்ந்த வயரைக் கடைக்காரர் காட்டினால் புன்னகைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த பிழை தொலைக்காட்சிக்குள் இருந்தது. அதிலிருந்து ஒலி ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை வழியாக றிசீவருக்குப் போகிறது. ஆனால் ஒலி அமைப்புகளில் பி.சி.எம். என்று இருந்தது. இந்த வழியில் பி.சி.எம். என்றால் இரண்டு வழி ஒலிதான் போகும். அதைப் பிட்ஸ்ட்ரீம் அல்லது டொல்பி டிஜிட்டல் என்று மாற்றினால்தான் ஐந்தும் ஒன்றும் தனித்தனியாகப் போகும். இது தெரியாமல், எல்லாப் பெட்டியும் சத்தம் போட வேண்டும் என்று அன்பர் றிசீவரில் "எல்லா ஸ்பீக்கரிலும் ஸ்டீரியோ" என்ற பொத்தானை அமுக்கி வைத்திருந்தார். முன்னால் பேசுகிறவரின் குரல் பின்னாலிருந்தும் வந்தால் பேச்சு எப்படித் தெளியும்? பழைய படங்களுக்கு, அதாவது ஒற்றை ஒலியில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு, டொல்பி சரவுண்ட் அல்லது புரோலொஜிக் என்று இருக்கும் முறையைப் போடுங்கள். அது இரு பக்கமும் ஒரேமாதிரி வரும் குரலை எடுத்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். சிவாஜி கணேசன் வசனத்தை ஐந்து மூலையிலிருந்தும் கேட்கத் தேவையில்லை.

பிறகு றிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து கொடுத்தோம். சின்ன ஸ்பீக்கர்கள் என்பதால் "சிறியது" என்று தெரிவுசெய்து, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்கு விட்டோம். சோதனை இரைச்சலைப் போட்டு, கதிரையில் இருந்து கேட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். அதன் பின் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபெல் கூட்டினோம். புத்தகப்படி இது சரியில்லை என்று ஒலிப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பக்கத்துக் குசினியில் மிக்சி ஓடும், பிள்ளை கேள்வி கேட்கும், மாமியாருக்குக் காது மந்தம். எங்கள் வீடுகளுக்கு இந்த 3 டெசிபெல் வேண்டும்.

இனி சப்வூஃபர். அது அறையின் பின் மூலையில், அன்பரின் தாயார் வழக்கமாக இருக்கும் கதிரைக்கு நேர் பின்னால் நின்றது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் நிலமும் சேர்ந்து கனத்த ஒலியைப் பெருப்பிக்கும். விற்றவர் "மூலையில் வைத்தால் நல்லாக் கேக்கும்" என்று சொன்னாராம். உண்மைதான், மிதமிஞ்சி நன்றாகக் கேட்டது.

நாம் வேலை செய்த நேரம் முழுவதும் அந்த அம்மா குசினியிலேயே நின்றார். "அம்மாவுக்கு இந்தப் படங்கள் பிடிக்கிறேல்லை. தொடங்கினதும் எழும்பிப் போயிடுவா" என்றார் மகன். சப்வூஃபரை நிறுத்திவிட்டு மற்ற ஐந்தையும் சோதித்துக்கொண்டிருந்தபோது அம்மா மெல்ல வந்து கதவடியில் நின்றார். பிறகு கதிரையில் வந்து இருந்தார். பேத்தி போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"இப்ப பரவாயில்லையோ அம்மா?" என்று கேட்டோம்.

"சத்தம் காதால வாறது பரவாயில்லைத் தம்பி. நிலத்தால வரக்கூடாது."

2009 இல் அவர் மாத்தளனில் பதுங்கு குழிக்குள் இருந்தவர். நிலத்தால் வரும் சத்தம் எது என்று அவருக்குத் தெரியும். கனத்த ஒலி காதுக்கு முன் நெஞ்சுக்கும் காலுக்கும்தான் தெரிகிறது. மகன் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. நாமும் சப்வூஃபரைப் பற்றி அப்படி யோசித்ததில்லை. அவர் ஒன்றும் பேசாமல் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். தொலைக்காட்சித் தட்டுக்குப் பக்கத்தில், மூலையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, சலவை இயந்திரத்தின் கீழ் வைக்கும் தடித்த இறப்பர் விரிப்பின்மேல் வைத்தோம். அந்த விரிப்பு பெட்டியின் அதிர்வு நிலத்தில் இறங்குவதைக் குறைக்கும். காற்றால் போகும் கனத்த ஒலியை அது தடுக்காது; அதற்குக் குறைப்பது ஒன்றே வழி.

ஏன் கீழ்வீட்டுக்கு "டும் டும்" மட்டும் கேட்கிறது என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. மெல்லிய ஒலிகளைச் சுவரும் நிலமும் பெருமளவு நிறுத்திவிடும். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ எட்டரை மீற்றர், அறையைவிடப் பெரியது. அதை நிறுத்துவது கடினம். போருக்குப் பின் 1950களில் அவசரமாகக் கட்டிய மாடிவீடுகளில் இந்தத் தொல்லை இன்னும் கூட. ஆகவே மேலே இருப்பவருக்குப் படம், கீழே இருப்பவருக்கு வெறும் இடி.

சரி, எவ்வளவு குறைப்பது? மேலே இருந்து இதை அளக்க முடியாது. கீழே போனோம். அன்பருக்குத் தயக்கம். மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு தட்டில் மனைவி சுட்ட பயிற்றம் பணியாரத்தோடு கதவைத் தட்டினோம். தனியே வாழும் முதிய பெண். முதலில் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. தான் இரண்டு தரம் கடிதப் பெட்டிக்குள் துண்டு எழுதிப் போட்டதாகவும் யாரும் பதில் தரவில்லை என்றும் சொன்னார். அன்பர் தலையில் கை வைத்தார். விளம்பரக் கடதாசிகளோடு சேர்த்து அவற்றை எறிந்திருந்தார்கள். அந்த அம்மா நேரே நிர்வாகத்துக்கு எழுதவில்லை. இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

அவருடைய படுக்கையறை சரியாக இவர்களின் இருப்பறைக்குக் கீழே. அங்கே நின்றுகொண்டு, மேலே இருந்த தம்பிக்கு மகள் தொலைபேசி எடுத்தாள். முதலில் பழைய அளவில் போடச் சொன்னோம். அலுமாரிக்குள் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. அன்பரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "குறை... இன்னும் குறை... சப்வூஃபரைக் குறை" என்று மகள் சொல்லிக்கொண்டே போனாள். சப்வூஃபரின் திருகு மூன்றில் ஒரு பங்குக்கு வந்தபோது அந்த அம்மா கையை உயர்த்தி, இப்போது ஒன்றும் இல்லை என்றார். அந்த இடத்தில் திருகிலும் றிசீவரிலும் பசைநாடா ஒட்டி அடையாளம் வைத்தாயிற்று. இரவு 10 மணிக்குப் பின் சப்வூஃபர் சுவிச்சு நிறுத்தம், மற்றதற்கு றிசீவரில் உள்ள இரவு முறை. இரவு முறை பெரிய சத்தத்தைத் தாழ்த்திச் சின்னச் சத்தத்தை உயர்த்தும்; பிள்ளைகள் தூங்கும் வீட்டில் பகலிலும் நல்லது.

கடிதத்துக்கு வருவோம். அப்மானுங் என்பது எச்சரிக்கை. வீட்டை விட்டு எழுப்பும் கடிதம் அல்ல. ஆனால் அலுமாரிக்குள் வைத்து மறக்கவும் கூடாது. அதே குற்றம் தொடர்ந்தால் அடுத்தது ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதமாக இருக்கலாம். சத்தத்தால் அவதிப்படும் குடியிருப்பாளருக்கு வாடகையைக் குறைத்துக் கட்டும் உரிமை ஏற்படலாம். அதனால்தான் வீட்டுக்காரர் இதில் அக்கறை காட்டுகிறார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அமைதி நேரம். மத்தியான அமைதி இருக்கிறதா என்பது உங்கள் ஹவுஸ்ஓர்ட்னுங்கில் எழுதியிருக்கும். மற்ற நேரங்களில் சிம்மர்லவுட்ஸ்டெர்க்க என்பார்கள், அதாவது உங்கள் அறைச் சத்தம் பெருமளவில் உங்கள் வீட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். இப்படியான கடிதம் வந்தால் மீற்றர்ஃபெரைன் எனப்படும் வாடகையாளர் சங்கத்திடமோ ஆலோசனை நிலையத்திடமோ காட்டிப் பதில் எழுதுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கனடாவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் அம்பிளிபயரின் பின்னால் 120 வோல்ற் என்று மட்டும் எழுதியிருந்தால் இங்குள்ள 230 வோல்ற்றில் செருகாதீர்கள். பிளக்கின் வடிவத்தை மாற்றும் துண்டு மின்னழுத்தத்தை மாற்றாது. தவணைக்குப் புதிதாக வாங்குவதைவிடப் பழையது நல்லது. தவணை தவறி அது ஷூஃபாவில் பதிவானால், அடுத்த வீடு தேடும்போது கதவு திறக்காது. இடமோ பணமோ குறைவென்றால் முன் மூன்று ஸ்பீக்கர் மட்டும் போதும். பின் இரண்டும் சப்வூஃபரும் பிறகு வரட்டும், வராமலும் விடட்டும்.

அன்பர் நிர்வாகத்துக்கு எழுதிய பதிலில், கீழ்வீட்டு அம்மாவும் தானாகவே ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தார். இதுவரை மறுகடிதம் ஒன்றும் வரவில்லை. பணியாரத் தட்டுத் திரும்பி வந்தபோது அதில் அப்பிள் கேக் இருந்ததாக மகள் சொன்னாள்.

அடுத்த இதழில், வருட முடிவில் வரும் வெப்பமூட்டிக் கணக்கை எப்படி வாசிப்பது என்று எழுதுவோம். பழைய கணக்குக் கடதாசி வைத்திருப்போர் எறியாமல் வைத்திருங்கள்.