விளக்கத்தை வெட்டிய சிக்கனம்

சிக்கனம் நற்பண்புதான், எதில் சிக்கனம் என்பதே வினா. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரேயொரு நிழற்படம், ஃபிளாப்பி எனப்பட்ட பழைய நெகிழ்வட்டுகள் பலவற்றை நிரப்பிவிடும். அவ்வட்டுகளில் நிரல் எழுதியோர் இடத்துக்காகப் பட்ட பாடு இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கக்கூடும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியின் வட்டு ஒன்று 160 கிலோபைட்டே கொண்டது. 1983இல் டாஸ் 2.0 வந்தபின் இருபக்க வட்டின் கொள்ளளவு 360 கிலோபைட் ஆயிற்று. அதுவும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. கோப்புகளுக்கு இடம் 1,024 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகவே ஒதுக்கப்பட்டது. பத்தே எழுத்துள்ள கோப்பும் ஒரு முழுத் துண்டை விழுங்கிவிடும். நிரலைச் சிறு சிறு கோப்புகளாகப் பிரித்து எழுதும் நல்ல பழக்கத்துக்குக் கிடைத்த தண்டனை இது!

அதே 1983இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை வெளியிட்டது. நிரலை எழுதும் பகுதியும், அதனை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் சேர்ந்து 40 கிலோபைட்டுக்கும் குறைவான ஒரே கோப்பில் அடங்கின. அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. அதன் தொடக்கப் பதிப்புகளில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. இயக்கியவுடன், பிழைச்செய்திகளையும் நினைவகத்தில் ஏற்றவா என்று அது கேட்கும். வேண்டாம் என்றால் சிறிது இடம் மிச்சமாகும். பின்னர் பிழை நேர்ந்தால் எண் மட்டுமே தோன்றும். அந்த எண்ணின் பொருளை அச்சிட்ட கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இதனை நான் குறை கூறமாட்டேன். விளக்கம் அழியவில்லை, இடம் மாறியது, அவ்வளவே.

நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்புகளை வெட்டுவது அத்தகையதன்று. இந்த வரி எதற்காக, இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பன எந்த அச்சுநூலிலும் இரா. மேலும், கம்பைலர் அக்குறிப்புகளைத் தள்ளிவிட்டே இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. ஓடும் நிரலில் அவை ஒரு பைட்டும் பிடிப்பதில்லை. மூலப்படி இருக்கும் வட்டில் மட்டுமே இடம் கேட்கும். அன்றைய பேசிக் மொழியில் நிலைமை வேறு. அங்கே நிரல் வரிவரியாக நினைவகத்திலிருந்தே படிக்கப்பட்டமையால், குறிப்பும் இடத்தை அடைத்தது. அங்கு வெட்டியவரை மன்னிக்கலாம்.

அவர்களும்கூட, குறிப்புகளோடு கூடிய மூலப்படியை வேறொரு வட்டில் வைத்துவிட்டு, வெட்டிய படியை ஓட்டியிருக்கலாம். ஒரு வட்டின் விலைதான் கூடுதல் செலவு.