ஜெர்மன்காரனும் எங்க ஊர் ரேடியோ செட்டும்

லீவுக்கு ஊருக்கு வந்து ஒரு வாரமாச்சு மக்களே. ராஜபாளையம் பக்கத்துல சோழபுரம். தெரியாதவங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவான்னு சொன்னா திசை தெரிஞ்சிரும், அந்த ஏரியாதான். நான் வந்த நேரம் அம்மன் கோயிலுக்குப் பொங்கல் சாட்டியிருந்தாங்க. எங்க வீட்டுக்கு நேர் எதிர்ல இருக்குற கரண்ட் கம்பத்துல ரெண்டு குழாய் கட்டி, காலையில நாலரை மணிக்கு ரேடியோ செட் ஆரம்பிக்கும். ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஓயாது. வீட்டுக்குள்ள அம்மா பேசுறதே சைகையிலதான்.

இந்தச் சத்தத்துக்கு நடுவுலயும் வர்றவங்க போறவங்க எல்லாரும் கத்திக் கேக்குற ஒரே கேள்வி, "ஜெர்மனிக்காரங்க எப்படிப்பா?" நாலு வருஷமா ஸ்டுட்கார்ட்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். இதுக்குன்னு ரெடிமேடா ரெண்டு பதில் எல்லாருமே வச்சிருப்போம். ஒண்ணு, "என்ன ஒழுக்கம், என்ன சுத்தம், நம்மாளுங்க திருந்தவே மாட்டாங்க". இன்னொண்ணு, "மெஷின் மாதிரி இருப்பான், ஒட்டவே மாட்டான்". ஆன்சைட் போய்ட்டு வந்தவங்க எழுதுற பதிவுகள்ல இந்த ரெண்டுல ஒண்ணு கட்டாயம் இருக்கும். ஆளைப் பொறுத்து நானும் ரெண்டையும் சொல்லியிருக்கேன். இப்போ ரெண்டுமே தப்புன்னு தோணுது. ஏன்னு சொல்றேன், ஒத்துக்காதவங்க வந்து கும்முங்க :-)

முதல்ல என் சொந்தக் கதை. போன புதுசுல, வாரம் பூரா ஆபீஸ்ல ஆணி புடுங்குனவன், ஞாயித்துக்கிழமை வீட்டுல ஆணி அடிச்சேன். தாத்தா போட்டோ மாட்டணும்னு ஆசை. கான்கிரீட் சுவர், ஆணி இறங்கவே மாட்டேங்குது. அரை மணி நேரம் மொத்தியிருப்பேன். மறுநாள் காலையில கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. கீழ் வீட்டுல இருக்குற வயசான அம்மா எழுதினது. எனக்கு அப்போ ஜெர்மன்ல வணக்கமும் நன்றியும்தான் தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமைங்கற வார்த்தைக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தது புரிஞ்சது. கூட வேலை பார்க்குற நம்ம நாட்டுப் பையன்கிட்ட போன்ல சொன்னேன். "ரேசிசம் மச்சி, கண்டுக்காத"ன்னான். அவ்ளோதான். மூணு மாசம் அந்த அம்மாவை மாடிப்படியில பார்த்தா தலையைத் திருப்பிக்கிட்டுப் போனேன். நமக்கு ரோஷம் ஜாஸ்தியாச்சே.

அப்புறம் ஜெர்மன் கிளாஸ் சேர்ந்து நாலு எழுத்து படிச்சதும், ஒரு நாள் பழைய பேப்பரெல்லாம் ஒதுங்க வைக்கும்போது அந்தச் சீட்டு கையில கிடைச்சது. அகராதி வச்சுக்கிட்டு உக்காந்து படிச்சேன். அதுல இருந்தது இவ்வளவுதான்: மரியாதையான விளிப்பு. ஞாயிறு முழுக்க அமைதி நாள். மத்த நாள்ல எங்க கட்டட விதிப்படி மதியம் 1 மணியில இருந்து 3 மணி வரைக்கும், ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் தட்டக் கூடாது. கடைசி வரி என்ன தெரியுமா? "இந்தச் சுவர்ல ஆணி இறங்காது, டிரில் வேணும், என்கிட்ட இருக்கு, சனிக்கிழமை வந்து வாங்கிக்கங்க." மூணு மாசம் நான் மூஞ்சியத் திருப்பினது டிரில் தர்றேன்னு சொன்ன பொம்பளைகிட்ட. மச்சி, நல்லா இருப்பே நீ.

இதைப் படிச்சதும் 'ஜெர்மன்காரங்க மேல பார்க்கத்தான் கரடு முரடு, உள்ள தங்கம்'னு நான் முடிக்கப் போறேன்னு நினைக்காதீங்க. அந்த அம்மா தங்கமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. டிரில் வாங்கினதுக்கு மேல எங்களுக்குள்ள பெருசா பேச்சு வார்த்தை ஒண்ணும் வளரலை. நான் சொல்ல வர்றது வேற. அவங்க எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாத்தையும் அந்தச் சீட்டுலயே எழுதிட்டாங்க. நான்தான் எழுதாததைப் படிச்சேன். நாம வளர்ந்த விதம் அப்படி. அத்தை வீட்டுல காபி தர்ற டம்ளர் லொட்டுன்னு கீழ வைக்கிற சத்தத்துல இருந்தே கோபமா இல்லையான்னு கண்டுபிடிக்கிற பரம்பரை நாம. அந்தத் திறமை அங்க உதவாது. உதவாதது மட்டுமில்ல, கெடுக்கும்.

ஆபீஸ்லயும் இதே கதைதான். ஒரு புதன்கிழமை டீம் லீட் கேட்டார், வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமான்னு. முடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். "முயற்சி பண்றேன், பார்க்கலாம்"னேன். நம்ம ஊர்ல 'பார்க்கலாம்'னா என்ன அர்த்தம்னு பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும். அவர் 'முடியும்'னு குறிச்சுக்கிட்டார். அதை நம்பி இன்னொரு டீம் திங்கள்கிழமை டெஸ்டிங் வச்சிருச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உண்மை வெளிய வந்தப்போ அவர் கத்தலை. "முடியாததுல தப்பு இல்லை. புதன்கிழமையே ஏன் சொல்லலை?"ன்னு மட்டும் கேட்டார். அதுக்கப்புறம் ஆறு மாசம் என் வாயில இருந்து வர்ற தேதியை அவர் ரெண்டாவது தடவை வேற ஒருத்தர்கிட்ட கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டார் பாருங்க, அதுக்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

ஒழுக்கம், ஜீன், ரத்தம்னு எல்லாம் சொல்றவங்களுக்கு ஒண்ணு. காலி பாட்டிலை ஜெர்மன்காரன் ரோட்டுல வீசாம கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்குக் காரணம், 2003ல இருந்து அதுக்கு டெபாசிட் பிடிக்கிறாங்க, இப்போ ஒரு பாட்டிலுக்கு 25 சென்ட். திரும்பக் கொடுத்தா காசு. நேரம் தவறாமைன்னு சொல்றீங்களா? 2024ல அங்க நெடுந்தூர ரயில்கள்ல 62.5 சதவீதம்தான் சரியான நேரத்துக்கு வந்துச்சு. அதுவும் ஆறு நிமிஷத்துக்குக் குறைவான தாமதத்தை எல்லாம் 'சரியான நேரம்'னு கணக்குல சேர்த்து. ரத்தத்துல இருந்தா ரயில்லயும் இருக்கணுமே? ஞாயித்துக்கிழமை கடை மூடுறது கூட அரசியல் சட்டம். 1919 வைமர் சாசனத்தோட 139ஆவது பிரிவை, 1949ல இப்போதைய அடிப்படைச் சட்டத்துலயும் அப்படியே சேர்த்துக்கிட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறும் கடை திறக்கலாம்னு பெர்லின் அரசு ஒரு சட்டம் போட்டுச்சு. சர்ச்சுகள் வழக்குப் போட்டு, அது செல்லாதுன்னு 2009ல அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிருச்சு. எல்லாமே பேசி, சண்டை போட்டு, எழுதி வச்ச ஏற்பாடு.

எங்க ஸ்டுட்கார்ட் பக்கம் 'கேர்வொக'ன்னு ஒண்ணு உண்டு. வீட்டுக் கதவுல ஒரு சின்னப் பலகை வந்து தொங்கும். அந்த வாரம் மாடிப்படியையும் வாசலையும் கூட்டித் துடைக்கிறது நம்ம முறை. முடிச்சிட்டு பலகையை அடுத்த வீட்டுக் கதவுல மாட்டிரணும். கூட இருந்த பசங்க எல்லாம் 'இது என்னடா அடிமைத்தனம்'னு புலம்பினாங்க. எனக்கு அது புதுசாவே தெரியலை. எங்க தாத்தா காலத்துல கண்மாய்த் தண்ணி முறை வச்சுத்தான் பாய்ச்சுவாங்க. உன் முறை முடிஞ்சா வாமடையை அடைச்சு அடுத்த வயலுக்குத் திருப்பிரணும். திருப்பச் சொல்லிக் கேக்க வர்றவனை 'ஒட்ட மாட்டேங்குறான்'னு யாரும் சொன்னதில்லை.

இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்டவங்கன்னு நான் நினைக்கிறது ஈழத்துல இருந்து போன நம்ம ஜனங்களைத்தான். ஹம் நகரத்துல காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. போருக்குத் தப்பி வந்தவங்க 1989ல ஒரு வீட்டு நிலவறையில சின்னதா ஆரம்பிச்ச கோயில். திருவிழாவுக்கு வருஷா வருஷம் கூட்டம் பெருகப் பெருக, குடியிருப்புப் பகுதியில கார் நிறுத்த இடமில்லை, நெரிசல், சத்தம்னு அக்கம்பக்கத்துல புகார். சாமிக்கே எதிர்ப்பா, மதத்தைப் புண்படுத்திட்டான்னு கிளம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்? அவங்க அப்படிப் போகலை. நகராட்சியோட பேசி, ஊருக்கு வெளிய ஊன்ட்ரொப்ங்கற தொழிற்பேட்டையில இடம் வாங்கி, 17 மீட்டர் கோபுரத்தோட கட்டி, 2002ல கும்பாபிஷேகம் பண்ணிட்டாங்க. தேர்த் திருவிழாவுக்கு இப்போ ஆயிரக்கணக்குல ஜனம் வருது. பக்கத்துக் கால்வாயில தீர்த்தம்.

போன வருஷம் தேருக்குப் போயிருந்தேன். அன்னதானப் பந்தியில பக்கத்துல உக்காந்திருந்த ஒரு ஈழத்து ஐயாகிட்ட, "ஊரை விட்டுத் தள்ளி வச்சிட்டாங்களேன்னு வருத்தம் இல்லையா ஐயா?"ன்னு கேட்டேன். "சத்தம் எண்டுதானே தம்பி சொன்னவை. சாமி வேண்டாம் எண்டு சொல்லேல்லையே"ன்னார். சொன்னதை மட்டும் கேட்டிருக்காங்க. எனக்கு ஆணியில வராத புத்தி அவங்களுக்குக் கோயில்லயே வந்திருக்கு. தொழிற்பேட்டைக்கு நடுவுல அம்பாளைப் பார்க்கிறப்போ மனசு ஒரு மாதிரி ஆனதும் உண்மை. ரெண்டையும் சொல்லிடறேன்.

அதுக்காக அங்க எழுதாத விதியே இல்லைன்னு சொன்னா அது பொய். ஸ்டுட்கார்ட்ல வீடு தேடினப்போ நாப்பது பேருக்கு மெயில் போட்டு மூணே மூணு பதில் வந்துச்சு. என் பேரைப் பார்த்துட்டு எத்தனை பேர் அழிச்சாங்கன்னு எந்தச் சீட்டுலயும் எழுதியிருக்காது. பேரை வச்சுப் பாகுபாடு பார்க்கக் கூடாதுன்னு 2006லயே சட்டம் போட்டிருக்காங்க. பதிலே வராத மெயிலை அது என்ன பண்ணும்? ஆனா ஒரு வித்தியாசம். உள்ள வந்தப்புறம், எழுதின விதி எனக்கும் கீழ் வீட்டு அம்மாவுக்கும் ஒண்ணுதான். ஒரு தடவை மேல் வீட்டுல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்ட்டி. நான் போய் பெல் அடிச்சு, "மணி பத்தைத் தாண்டிருச்சு"ன்னேன். "மன்னிக்கணும்"னு சொல்லிக் குறைச்சாங்க. நான் யாரு, எந்த ஊரு, யாரோட பையன்? ஒரு கேள்வி இல்லை. மணி என்னங்கறது மட்டும்தான் அங்க பேச்சு. அந்நியனா ஒரு ஊர்ல போய் வாழறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

இப்போ எங்க ஊர் ரேடியோ செட்டுக்கு வர்றேன். நம்ம நாட்டுலயும் விதி இருக்கு. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள், ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் வெளியில ஒலிபெருக்கி கூடாதுன்னு சொல்லுது. ஜெர்மன் ராத்திரி அமைதியும் அதே 10, அதே 6. திருவிழாவுக்குன்னு மாநில அரசு ராத்திரி 12 வரைக்கும் தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்குப் பதினஞ்சு நாளுக்கு மேல கூடாது. காலை நாலரைக்கு எந்தத் தளர்வும் கிடையாது. எதுத்த வீட்டுப் பெரியப்பாவுக்குப் போன மாசம்தான் மதுரையில ஹார்ட் ஆபரேஷன். பாவம், காதுல பஞ்சை வச்சுக்கிட்டுப் படுத்திருக்கார். பெரியம்மாகிட்ட, சொல்ல வேண்டியதுதானேன்னேன். "ஆத்தா காரியத்துல நம்ம போய் எப்படிய்யா சொல்றது?"

நாலு வருஷ ஜெர்மன் திமிர்ல நானே கமிட்டிக்குப் போனேன். பந்தல்ல நாலஞ்சு பேர் இருந்தாங்க. காலையில ஆறு மணிக்கு மேல போடுங்கண்ணே, விதி இருக்குன்னு ஆரம்பிச்சேன். ஒருத்தர் கையை நீட்டி நிறுத்தி, "தம்பி யாரு?"ன்னார். சொன்னேன். "அட, வாத்தியார் பேரனாப்பா! உக்காரு, உக்காரு. ஏலே, தம்பிக்கு ஒரு டீ சொல்லு." விதி, மணி, பெரியப்பா ஆபரேஷன், ஒண்ணும் அவங்க காதுல ஏறலை. வாத்தியார் பேரன் கேட்டுட்டான், அது போதும். அன்னைக்குச் சாயங்காலமே ஆள் ஏறி ரெண்டு குழாயையும் கிழக்காலத் திருப்பிக் கட்டிட்டாங்க. அம்மாவுக்கு ஏகப்பட்ட பெருமை.

கிழக்கால இருக்குறது காலனி. என்கூட பத்தாவது வரைக்கும் படிச்ச சேக்காளி ஒருத்தன் அங்க இருக்கான். ராஜபாளையத்துல மில்லுல நைட் ஷிப்ட், காலையில வந்துதான் தூங்கணும். நேத்து டீக்கடையில பார்த்தேன், கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு. "ரெண்டு நாளா எங்க பக்கம் சத்தம் கூடிருச்சுடா, என்னன்னே தெரியலை"ன்னான். கமிட்டில கேக்கலாமேன்னு சொல்ல வாயெடுத்தேன். 'தம்பி யாரு?'ன்னு அவனைக் கேட்டா என்ன சொல்லுவான்னு ஞாபகம் வந்து நிறுத்திக்கிட்டேன். குழாயைத் திருப்பினது யாருன்னும் சொல்லலை. அவனே டீக்குக் காசு கொடுத்தான். "ஜெர்மனிக்காரங்க எப்படிடா?"ன்னு கேட்டான்.

இதை எழுதி முடிக்கும்போது மணி நாலரை. செட் ஆரம்பிச்சாச்சு. எங்க வீட்டுல மெதுவாத்தான் கேக்குது.